அறியாமல் செய்த தீங்கு



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாலு மாடு வைத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் பாறுக் கழுகுகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "தாத்தா, மாட்டுக்கு நீங்கள் எல்லாம் போட்ட ஊசியால்தான் அந்தப் பறவைகள் செத்துப்போயின" என்று சொன்னானாம். "சாமி, காலு வீங்கி எழுந்திருக்க முடியாம படுத்துகினு இருந்த மாட்டுக்கு வலி தீரட்டும்னுதான் ஊசி போட்டோம். வாயில்லாத ஜீவனுக்கு இரக்கப்பட்டது பாவமா சாமி?" என்று கேட்டார்.

அங்கே நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. ஆகையால் அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். பாறுக் கழுகு என்பது பிணந்தின்னிக் கழுகு. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஊருக்கு வெளியே தோலுரித்துப் போட்ட மாட்டின்மேல் வானத்திலிருந்து கூட்டமாக இறங்கி, சற்று நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிட்டுப் போகும் பறவைகளைப் பற்றிச் சொல்வார்கள். தோல் தொழிலுக்கும் அதற்கும் நெடுநாள் உறவு உண்டு. தோல் நமக்கு, மிச்சம் அதற்கு. அது மிச்சத்தைத் தின்றபடியால் ஊர் நாறவில்லை.

1990-களில் இந்தப் பறவைகள் வடநாட்டில் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில், 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஏறக்குறைய ஒன்றே மிஞ்சியது. வியாதியோ, பூச்சிமருந்தோ என்று பல வருஷம் தேடினார்கள். கடைசியாக, பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் 2004-இல் காரணத்தை வெளியிட்டார்கள். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் அது. மருந்து போட்ட சில தினங்களுக்குள் மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் கெட்டுவிடும். உப்பைப் போன்ற வெள்ளைப் படிவு உடலுக்குள்ளே படர்ந்து அது மாண்டுபோகும். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவும் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு கூட்டமாக உண்பது; ஒரு பிணத்தில் இருக்கும் விஷம் ஒரு கூட்டத்துக்கே போய்ச் சேரும். அன்றியும் அது வருஷத்துக்கு ஒரே முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தான் முட்டையிட ஐந்து வருஷமாவது ஆகும். போனதை ஈடுகட்ட அதனால் எளிதில் முடியாது.

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஊசி போட்டவர்களில் ஒருவராவது பாறுவைக் கொல்ல நினைத்தாரா? இல்லை. வைத்தியர் நினைத்தாரா? இல்லை. மருந்து செய்தவரும் நினைக்கவில்லை. எல்லாரும் நினைத்தது நன்மையே. அப்படியானால் இந்தத் தீங்கு யாருடையது?

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அறியாமையை வகை பிரித்துப் பேசுகிறார். குருமடத்தில் நாங்கள் படித்த நீதிசாஸ்திரம் அதை விரித்துச் சொல்லும். எவ்வளவு முயன்றாலும் அறிந்திருக்க முடியாத விஷயத்தை அறியாமல் செய்தால் அதில் குற்றமில்லை. விசாரித்தால் தெரிந்திருக்கும், சோம்பலால் விசாரிக்கவில்லை என்றால் குற்றம் உண்டு. தெரிந்தால் விட வேண்டி வருமே என்று பயந்து காதைப் பொத்திக்கொள்வது மூன்றாவது. அது எல்லாவற்றிலும் மோசமானது.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2004-க்கு முன் ஊசி போட்ட குடியானவன் முதல் வகை. அவன்மேல் பாவமில்லை. பெரியவரே, உமக்கு இதுவே என் பதில், நிம்மதியாகப் போம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2006-இல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசாங்கம் தடை செய்தது. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் என்ற மருந்தும் கிடைத்தது. அதற்குப் பிறகும், மனுஷருக்கென்று விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு. அதனால்தான் 2015-இல் மனுஷருக்கான ஊசிமருந்தையே 3 மில்லிலிட்டர் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குப்பியை விற்றவரும் வாங்கினவரும் எந்த வகை? உங்கள் மனச்சாட்சியே சொல்லட்டும்.

"அந்த அவலட்சணமான பறவை இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். பாறு போன இடத்தில் பிணங்கள் கிடந்து அழுகின, தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. பாறுக்கள் இல்லாமற்போனதால் 2000 முதல் 2005 வரை நம் தேசத்தில் சுமார் 5 லட்சம் மனுஷர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர் 2024-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

ஆயினும் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. உபயோகப்படுகிறது என்பதால் மட்டும் ஒன்றைக் காப்பாற்றுவோமானால், உபயோகம் தீர்ந்ததும் கைவிடுவோம். வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவியையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்போம். சர்வேசுரன் தாம் படைத்தவற்றை நல்லதென்று கண்டது, மனுஷன் உண்டாகி அவற்றை உபயோகிக்கும் முன்னே அல்லவா?

அசுத்தத்தை நீக்குகிறதை அசுத்தம் என்று வெறுப்பது நம்மிடம் உள்ள பழைய அநீதி. தோல் ஷாப்பிலிருந்து வேலை முடிந்து வருகிறவர் பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சிலர், அதே தோலில் தைத்த செருப்பைக் காலில் போட்டுக்கொண்டுதான் அப்படிச் செய்கிறார்கள். இதை உங்களில் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். எதையும் யாரையும் முகம் பார்த்து மதிப்பிடலாகாது என்பதற்கு இதைவிட வேறு போதகம் வேண்டுமோ?

தமிழ்நாட்டில் பாறு மிஞ்சியிருக்கும் முக்கிய இடம் நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. யானையும் புலியும் திரியும் காடு. ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பர் கடைசியில் எண்ணியபோது கண்டவை 320. அங்கே கூடுகளைக் காவல் காப்பவர்களின் வேலை காட்டோடு முடிவதில்லை. காட்டோரத்துப் பட்டிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் நடையாய் நடந்து, இந்த மருந்து வேண்டாம், அதைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். மாட்டை அடித்த புலியின்மேல் உள்ள கோபத்தில் செத்த மாட்டுக்கு விஷம் தடவாதீர்கள் என்று கெஞ்ச வேண்டும். பறவை காட்டில் இருக்கிறது. அதன் உயிரோ நாட்டிலுள்ளவர்களின் கையில் இருக்கிறது.

நம் ஊர் வானத்தில் இன்று பாறு இல்லை. பின் நமக்கென்ன என்கிறீர்களா? பாலாற்றை நினைத்துப் பாருங்கள். தோலைப் பதனிட்ட நம் வட்டாரத்து முன்னோர் கிணற்றையும் வயலையும் கெடுக்க நினைத்தவர்களா? பிள்ளைகளுக்குச் சோறு போட உழைத்தார்கள். ஆனால் 1996-இல் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது: மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும், தீங்கு முழுவதும் நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருந்தது. ஆகவே, "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் காலம் நமக்கும் போய்விட்டது.

இதில் எல்லாருக்கும் ஒரே பாரம் என்று நான் சொல்லவில்லை. தினக்கூலிக்கு உழைப்பவரையும் தொழிலை நடத்துபவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று. அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு. என்றாலும், ஒன்றுமே என் கையில் இல்லை என்று சொல்லக்கூடியவர் நம்மில் அநேகமாக ஒருவரும் இல்லை. கேள்வி கேட்கவாவது வாய் இருக்கிறது.

மாடு வைத்திருப்பவர்கள் வைத்தியரிடமும் கடையிலும் மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-இல் தடை செய்யப்பட்ட கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நம் மாடு சந்தைக்குச் சந்தை கைமாறி எங்கே போய்ச் சாகும் என்று யார் கண்டது? தோல் தொழிலில் இருப்பவர்கள், உங்கள் இடத்துக் கழிவுநீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தபின் என்ன செய்வது என்ற கஷ்டம் வரும். வந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்.

பெரியவரே, உம் பேரனைக் கண்டிக்க வேண்டாம். அடுத்த தடவை மருந்து வாங்கப் போகும்போது அவனையும் கூட அழைத்துப் போம். குப்பியின்மேல் எழுதியிருப்பதை அவன் உமக்கு வாசித்துச் சொல்வான்.

உங்கள் பங்குக் குரு