மலத்தைக் கழுவும் மலம்

ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழைகிறவரை எதிர்கொள்ளும் அத்திபெலேயில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடியை நோக்கி ஊர்ந்து செல்லும் வண்டிகளைச் சற்றே நின்று கவனிப்பவர், வெள்ளைக் கார்களின் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பாகத்தில், மிளகளவில் கறுத்த புள்ளிகள் அப்பியிருப்பதைக் காணத் தவறமாட்டார். வழியில் எங்கோ புதிதாகப் போட்ட சாலையின் தாரைச் சக்கரம் வாரி இறைத்த அடையாளம் அது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் சோப்பு நுரையால் தேய்த்தாலும் அது அசைவதில்லை. ஆத்திரப்பட்டு நகத்தாலோ தகட்டாலோ சுரண்டினால், தாருக்குள் புதைந்திருக்கும் மணல் வண்ணத்தின்மேல் கோடு கிழித்துவிடுகிறது. வண்ணத்தைக் காக்கும் கண்ணாடி போன்ற மேற்பூச்சு ஏறத்தாழ 40, 50 மைக்ரான் கனமே உள்ளதாகையால், அழுக்கை வெல்லப் புறப்பட்ட கை அழுக்கினும் பெரிய சேதத்தைச் செய்து முடிக்கிறது.

அப்பகுதியின் வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். “உரசாதீங்க சார், பெயிண்ட் போயிடும், எண்ணெய் தொட்டு வச்சுக் கொஞ்சம் விடுங்க, அதுவே இளகிடும்” என்பார்கள். வெயிலில் காய்ந்த தகட்டில் எண்ணெய் ஊறுவதற்குள் உலர்ந்துவிடுமாதலால் வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய துணியைப் புள்ளியின்மேல் ஒற்றி வைத்தால், சிறிது நேரத்தில் அதன் ஓரத்தில் பழுப்பு நிறம் கசிந்து பரவுகிறது. பிறகு அழுத்தாமல் ஒருமுறை துடைத்தால் போதும். நீருக்கு இணங்காத தார் மண்ணெண்ணெய்க்கு இணங்குவது இரண்டும் ஒரே குலத்தவை என்பதால்தான்: கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் ஆவியாக எழுந்து பிரிவது மண்ணெண்ணெய், அடியில் தங்கிவிடுவது தார். ஆனால் காரியம் அத்துடன் முடிவதில்லை. தாரைக் கரைத்த எண்ணெயும் வண்ணத்தின்மேல் தங்கலாகாத ஒன்றே என்பதால், அதையும் சோப்பு நீரால் கழுவி, உலரத் துடைத்து, இறுதியில் மெழுகு பூசுகிறார்கள்.

இவ்வாறு அழுக்கை அழுக்காலேயே, அதாவது மலத்தை மலத்தாலேயே, கழுவுவது எங்ஙனம் என்பது சைவ சித்தாந்தம் நெடுங்காலமாக ஆராய்ந்த வினா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், அழுக்குத் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றி, பின்பு அவற்றோடு சேர்த்துப் பழைய அழுக்கையும் போக்கும் வண்ணானை இதற்கு உவமையாக்கினார். தனு (உடல்), கரணம் (உட்கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என நமக்கு வாய்த்த அனைத்தும் மாயையின் காரியங்களாகிய அழுக்குகளே. எனினும் ஆணவம் என்னும் மூல அழுக்கை நெகிழ்த்துவதற்காகவே இறைவன் அவற்றை ஆன்மாவின்மேல் ஏற்றினான் என்பது சித்தாந்தத்தின் துணிபு. உடலைப் பகையாகக் கருதி வற்றலும் வதையுமாக வாழ்வதே துறவின் உச்சம் என்று எண்ணுவோரிடம் எனக்கு உடன்பாடில்லாமைக்குக் காரணம் இதுவே. அவர்கள் கையில் இருப்பது வண்ணத்தைச் சுரண்டும் அந்தத் தகடு.

மலத்தை மலமே கழுவும் என்பதற்கு இந்த அருணந்தியாரின் கதையே சான்று. சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட அவர், திருவெண்ணெய்நல்லூரில் சிவஞான போதத்தின் ஆசிரியரும் வயதில் மிக இளையவருமான மெய்கண்டார் மாணாக்கருக்குப் பாடம் சொல்வதைக் கேள்வியுற்று அங்கே சென்று, நின்றபடியே “ஆணவத்தின் சொரூபம் யாது?” என்று வினவ, மெய்கண்டார் விடை ஒன்றும் கூறாது அவரையே உற்று நோக்கினார் என்பது வழிவழி வரலாறு. கடிந்து ஒரு சொல் இல்லை. கற்ற கல்வியே செருக்காகவும், அச்செருக்கை உணரும் கருவியாகவும் அமைந்திருந்தமையால், அந்தப் பார்வை அளவிலேயே பண்டிதர் இளகி இளைஞரின் அடியில் வீழ்ந்தார்.

தாரின் உவமை இதற்கு மேல் முழுமையாகப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தார் வழியில் வந்து ஒட்டியது, அதாவது ஆகந்துகம். மாயையையும் கன்மம் எனப்படும் வினையையும் அவ்வாறு கூறும் சித்தாந்தம், ஆணவத்தையோ செம்பில் களிம்பு போல உடன் தோன்றிய சகச மலம் என்கிறது. முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே மடங்குகிறது என்றும் கொள்கிறது. ஆகவே ஒருமுறை கழுவியதோடு கடமை தீர்ந்தது என்று அந்த ஆசிரியர்கள் எவரையும் விட்டுவிடவில்லை. சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், ஏற்கெனவே ஞானம் கைவரப்பெற்றவரையே நோக்கி, இன்னும் மலத்தைக் கழுவிக்கொண்டிரு, அன்பரோடு கூடியிரு, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே தொழு என்று விதிக்கிறது. உடல் உள்ளவரை பழைய வாசனை மீண்டும் வந்து தாக்கக்கூடும் என்பதே அவ்விதிக்கு உரையாசிரியர்கள் கூறும் காரணம்.