பட்டமும் கூலியும்

கேலாங் சாலையிலிருந்து கிளைக்கும் லோரோங்குகளில் ஒற்றை எண்கள் ஒருபுறமும் இரட்டை எண்கள் மறுபுறமுமாக அமைந்திருக்கின்றன. வழிப்போக்கருக்கு இடங் காட்டுவதற்காக ஏற்பட்ட பிரிவு அது. ஒற்றைத் தெருவார் ஒரு தரம், இரட்டைத் தெருவார் வேறு தரம் என்று எவரேனும் சொன்னால் நாம் நகைப்போம். ஆனால், உழைப்பாளரை வேலைப் பெயரால் பிரித்து, ஒருவருடைய ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு, மற்றவருடையதற்கு இல்லை என்னும்போது மட்டும் நாம் நகைப்பதில்லை. அஃது ஏன்?

அத்தெருக்களுள் ஒன்றில், மோட்டார் வண்டி விற்பனை நிலையமொன்று பழுதுபார்க்கும் பட்டறையோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஒருவர் வண்டியின் அடியிற் படுத்து வேலை செய்கிறார். முன்மேசையில் ஒருவர் வண்டிக்காரரின் குறை கேட்டு, செலவு கணக்கிட்டு, வேலை முடிந்ததும் வண்டியை ஒப்படைக்கிறார். 'சர்வீஸ் அட்வைசர்' என்பது அவருக்குப் பட்டம். இருவருக்கும் மாத அடிப்படைச் சம்பளம் 2,860 வெள்ளி. வாரத்துக்கு 44 மணி நேர வேலை. மாலையில் வந்த வண்டியொன்றுக்காக இருவரும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறார்கள்.

1968இல் இயற்றப்பட்ட சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத கையுழைப்பாளரும், 2,600 வெள்ளிக்கு மேற்படாத ஏனைய ஊழியரும் மிகைநேர ஊதியத்துக்கு உரியவர். மணிக்கூலியைப்போல் ஒன்றரை மடங்கு அது. பன்னிரு மாதச் சம்பளத்தை, ஆண்டின் 2,288 வேலை மணிகளால் வகுத்தால் மணிக்கூலி வரும். இங்கே 15 வெள்ளி. ஆகவே பட்டறைக்காரருக்கு அந்த ஒரு மணிக்கு 22 வெள்ளி 50 காசு. மேசைக்காரருக்கோ, முதலாளி தாமாக ஒப்பினாலன்றி, ஒரு காசும் இல்லை!

இவ்வழக்கு இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் உழைப்புச் சட்டத்திலிருந்து, வண்டிகளை விற்கும் அல்லது பழுதுபார்க்கும் விற்பனையாளர், உதிரிப்பொருள் ஊழியர், மெக்கானிக் ஆகியோரின் மிகைநேர உரிமையை 1966இல் விலக்கினார்கள். மேசைக்காரர் அவ்விலக்கில் அடங்குவாரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அடங்குவார் என்றனர், நால்வர் மறுத்தனர். அங்கே விற்பனையாளர் என்ற பெயர் அவரது கூலியைக் கொண்டுபோயிற்று. இங்கே கையுழைப்பாளர் அல்லர் என்ற பெயர் கொண்டுபோகிறது.

"அவருக்குக் கமிஷன் உண்டே" என்பர். கமிஷன் முடித்த வியாபாரத்துக்கு விலை. வியாபாரம் நடவாத மணிக்கும் அவர் நின்றுதான் ஆகவேண்டும். "அவர் ஒப்பித்தானே சேர்ந்தார்" என்பர். வீட்டு வாடகை தலைக்குமேல் நிற்கையில் கொடுக்கும் ஒப்புதலில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு? "எங்கேனும் ஒரு கோடு கிழிக்கத்தானே வேண்டும்" என்பர். ஆம், சட்டத்துக்குக் கோடு தேவை. ஆனால் அக்கோடு, இதற்குக் குறைந்தால் தண்டிப்போம் என்று அரசு வைத்த எல்லை. இதற்குமேல் கொடுக்காதே என்று எந்தச் சட்டமும் முதலாளியின் கையைப் பிடிக்கவில்லை. சட்டம் நின்ற இடத்தில் நீதியும் நின்றுவிட வேண்டுமென்பது என்ன நியாயம்?

ஒன்றரை மடங்கு என்பது தருமமும் அன்று, பரிசும் அன்று. உழைப்பாளரின் மாலைப் பொழுதை எடுக்குமுன் முதலாளி ஒருமுறை யோசிக்கட்டும் என்பதற்கான தடை. மாதத்துக்கு 72 மணிக்குமேல் மிகைநேரம் கூடாதென்று சிங்கப்பூர்ச் சட்டம் வரையறுப்பதும், பணத்தால் வாங்கக்கூடாத பொழுதும் உண்டென்பதாலேயே. மேசைமுன் அமர்ந்தவருக்கும் வீடு உண்டு; குழந்தை உறங்குமுன் போய்ச் சேரவேண்டும் என்ற ஆவலும் உண்டு. அவரிடமிருந்து மட்டும் அதை ஒரு பட்டத்தைக் கொடுத்து இனாமாக வாங்கிக்கொள்ளலாமா?

முதலாளியை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. கடை மூடும் வேளையில் வண்டியை நிறுத்தி, "இன்றே வேண்டும்" என்று நிற்பவர் நாமே. அந்த ஒரு மணியின் விலையை யார் கொடுக்கிறார் என்று அடுத்த முறை கேட்டுப் பார்ப்போமாக.