யார் கையால்?

குளிர்ந்த கோப்பியை வீட்டிலேயே குழாய் திறந்து வார்த்துக் குடிக்கலாம் என்று ஆகிவிட்டது. தூளைப் பருமனாக அரைத்து, பச்சைத்தண்ணீரில் 12 முதல் 24 மணித்தியாலம் ஊறவிட்டு வடிப்பார்கள். நெருப்பைக் காணாத கோப்பி. அதனால் புளிப்பும் கசப்பும் குறைவு. அதை உருக்குப் பீப்பாவில் அடைத்து நைதரசன் வாயுவால் அமுக்கினால், கறுப்பு பியர் மாதிரி நுரைத்து வரும். 2016இல் ஸ்ரார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் இதை விற்கத் தொடங்கியது. இப்போது குளிர்சாதனப் பெட்டிக்குள் அடங்கும் சிறு பீப்பாக்களும் வந்துவிட்டன.

சிசிலிக்காரரைக் கேட்டால் சிரிப்பார்கள். கோடைக்கு அவர்களிடம் கோப்பிக் கிரனீத்தா இருக்கிறது. மற்ற நாளைக்கு 1933இல் பியலெத்தி கொண்டுவந்த மொக்காச் சட்டி. ஆனால் பலேர்மோ றெஸ்ரோறன்ற் குசினிகளில் நிற்கிற எங்களுக்குள் இது வாக்குவாதமாகிவிட்டது. லிபெர்த்தாவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் வாடகை வீட்டில் அப்படி ஒரு பீப்பா வைத்தால் என்ன? வருகிறவர் தானே திறந்து குடிக்கட்டும் என்றான் ஒருவன். அது வீடா, கடையா என்றான் மற்றவன். வந்தவர் கையில் நாங்கள் எதையும் கொடுக்காவிட்டால் அதற்கு உபசாரம் என்று பேர் வைக்கலாமா?

இந்தக் கேள்வி எங்களுக்குச் சும்மா வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் கொடுக்கிற கைதான் வந்தவர் யார் என்று தீர்மானித்தது. ஒருவருக்கு விறாந்தையில் கதிரையும் மூக்குப்பேணியும். இன்னொருவருக்கு முற்றமும் சிரட்டையும். தேநீர்க்கடையில் சிலருக்குப் போத்தலில் வார்த்து வெளியே நிற்கவைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைக்காரர் கை மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பிறகு, கடைக்குள் இருந்து எல்லாரும் குடிக்கிற கிளாசில் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்காகச் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் சனம் போராடியது. அந்தப் போராட்டங்களில் உயிர்களும் போயின. விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று மேடையில் முழங்குகிறவர்கள் சிரட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. உபசரித்துக்கொண்டே ஆளை அளந்தார்கள்.

எங்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டு வந்த படிப்பில், மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடை பற்றி எழுதிய கட்டுரை இருந்தது. கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகள் சொன்னார் அவர். யாரிடம் வாங்கக்கூடாது என்ற நாலாவதை யாழ்ப்பாணத்தான் சேர்த்தான்.

அந்தக் கணக்கில் குழாய் நல்லது. அது தகப்பன் பேர் கேளாது. புதிதாக வந்தவருக்குத் தேத்தண்ணியை நீட்டியபடி "ஊரில எவடம்?" என்று இங்கேயும் எம்மவர் கேட்பதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். இத்தாலியரின் பாரில் பெரும்பாலும் நின்று குடித்தால் ஒரு விலை, கதிரையில் இருந்தால் கூடுதல் விலை. அதைச் சமத்துவம் என்று சொல்லவரவில்லை. சிரட்டையோடு பார்க்க மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

ஆனால் குழாய்க்குப் பின்னாலும் கை இருக்கிறது. ஊறப்போட வேண்டும், வடிக்க வேண்டும், பீப்பாவையும் குழாயையும் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் நாறும். ஊரில் பேணியை நீட்டியது ஐயாவாக இருந்தாலும் அடுப்பு ஊதியது அம்மாவோ அக்காவோதான். வியா லிபெர்த்தா 1848 புரட்சியின்போது திட்டமிட்ட வீதி. பேரின் பொருளே சுதந்திரம். அதன் பெரிய வீடுகளில் எங்கள் பெண்கள் கோப்பை கழுவிக் கழுவி வருஷங்கள் போயிருக்கின்றன. நாளைக்கு அங்கே குழாய் வந்தால், வீட்டுக்காரர் தாங்களே வார்த்துக் குடித்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். பீப்பா கழுவியவளின் பேர் அந்தக் கதையில் வராது.

எங்கள் அபிப்பிராயம், வைக்கலாம் என்பதுதான். கிளாசுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும், பக்கத்தில் கதிரை வேண்டும். முதல் கிளாசை நாங்கள் வார்த்துக் கொடுப்பது. இரண்டாவதை வந்தவர் தானே எடுக்கட்டும். நாள் முழுக்கக் காசுக்காகத் தட்டு நீட்டுகிற கை, காசில்லாமல் ஒருவருக்கு எதையாவது நீட்டுவதையும் விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. கழுவுகிற முறைதான் இன்னும் இழுபடுகிறது. கிழமைக்கு ஒருவர் என்று எழுதி ஒட்டச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற அக்காமாரின் தலையில் அதைக் கட்டிவிட ஒருவன் இப்போதே கதை விட்டுப் பார்க்கிறான்.