ஊட்டும் கையே கொல்லலாமா?

பசி எல்லா உயிர்க்கும் பொதுவானது. பசித்த உயிருக்கு உணவளிப்பதை நம் முன்னோர் தலையாய அறமாகப் போற்றினர். ஆலயத் திருவிழாக்களில் அன்னதானம் சிறப்பிடம் பெறுவதும் இதனாலேயே. ஆனால் அதே உணவை ஓர் உயிரைக் கொல்வதற்காகவே வைத்தால் அதனை என்னவென்பது? அடியார்கள் சிறிது சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஐக்கிய அமெரிக்காவில் வேட்டைப் பிரியர் பலர் தமது காணியில் மானுக்கென்றே சிறு பயிர்நிலம் அமைக்கின்றனர். நிலத்தைப் பண்படுத்தி, குளோவர் போன்ற தீவனப் பயிர்களை விதைக்கின்றனர். மான்கள் அங்கு வந்து மேய்ந்து பழகுகின்றன. வேட்டைப் பருவம் வந்ததும் பரணில் மறைந்திருந்து சுடுகின்றனர். சோளத்தைக் கொட்டி வைத்து மான் சுடுவதைத் தடைசெய்த சில மாநிலங்களும், பயிர் வளர்த்து வரவழைப்பதை அனுமதிக்கின்றன. சட்டத்துக்கு இவை இரண்டும் வேறு. மானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் நாட்டில் புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. களப்புக்கு அப்பாலுள்ள வில்பத்து 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் இரை வைத்துக் கொல்லும் வழக்கம் இங்கு ஒழியவில்லை. உணவுக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ பெரும்பாலும் பன்றிக்கென வைக்கப்படுகிறது. அதனைக் கடிக்கும் யானைக் குட்டிகள் வாய் சிதைந்து, உண்ண முடியாமல் பல நாள் வருந்தி இறக்கின்றன. கேரளத்தில் 2020 மே மாதம் கருவுற்ற யானையொன்று இத்தகைய வெடியினாலேயே இறந்தது.

“கோழிக்கும் ஆட்டுக்கும் தீன் போட்டு வளர்த்துப் பின்னர் உண்பதில்லையா? கடற்றொழிலாளி தூண்டிலில் இரை கோர்ப்பதில்லையா?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கொல்லாமையை முழுமையாகக் கைக்கொண்டவருக்கு எல்லாக் கொலையும் பாவமே. ஆனால் நம்மில் அனைவரும் அந்நிலையை அடைந்தவரல்லர். கடலை நம்பி வாழ்பவர் தம் பிள்ளைகளின் பசிக்காகத் தொழில் செய்கிறார். ஆடு வளர்ப்பவர் அதன் நோய்க்கு மருந்திட்டு, மழைக்குக் கொட்டில் கட்டி, நரியிடமிருந்து காக்கிறார். தேவையும் பொறுப்பும் பாவத்தை அழித்துவிடும் என்று கூறவில்லை. அதன் பாரத்தைக் குறைக்கின்றன என்றே கூறுகிறோம். பொழுதுபோக்கிற்காக மானுக்குப் பயிரிடுபவரிடம் இவ்விரண்டும் இல்லை. காட்டு விலங்குக்கு அதன் எச்சரிக்கை உணர்வே காவல். பசியைக் காட்டி அந்தக் காவலைக் களையச் செய்து, பின்னர் சுடுவது வீரமன்று, வஞ்சனையாகும்.

நமது இதிகாசமும் இதனையே உணர்த்துகின்றது. மாரீசன் பொன்மானாகி வந்து இராமபிரானைத் தொலைவில் இழுத்துச் சென்றான். இராவணன் துறவி வேடத்தில் பிச்சை கேட்டு வந்தான். உணவளிக்கும் அறத்தையே அவன் பொறியாக்கினான். மான் உருவால் மனிதர் வஞ்சிக்கப்பட்ட கதையைக் கேட்டு மனம் வருந்தும் நாம், மனிதரால் வஞ்சிக்கப்படும் மானுக்கும் சிறிது வருந்த வேண்டாமா? வள்ளியம்மையாரோ வேடர் குலத்தில் வளர்ந்தவர். தினைப்புனத்தை நாடி வந்த கிளிகளைக் கவண் கொண்டும் குரல் கொடுத்தும் ஓட்டினாரேயன்றி, தினையைக் காட்டி அவற்றைப் பிடிக்கவில்லை. நமது மிளகாய், வெங்காயத் தோட்டங்களைக் காப்பவர் செய்வதும் அந்தக் காவலே. விளைச்சலைக் காப்பது வேறு. விளைச்சலால் வலை விரிப்பது வேறு.

திருகோணமலைக் கோட்டை வழியாகத் திருக்கோணேஸ்வரம் செல்லும் அடியார்கள் அங்கு மான்கள் அச்சமின்றி உலாவுவதைக் கண்டிருப்பர். நீட்டும் கையிலிருந்தே பழத்தை வாங்கி உண்ணும். அந்த நம்பிக்கைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். பழத்தைக் கொடுத்துவிட்டுப் பொலித்தீன் பையை அங்கேயே வீசினால், அதையும் தின்று அவை நோயுறும். நல்லெண்ணத்துடன் ஊட்டுபவருக்கே இத்தனை பொறுப்பு உண்டென்றால், கொல்லும் எண்ணத்துடன் ஊட்டுபவரை என்னென்பது?

இரை வைப்பது விலங்குகளுக்கு மட்டுமன்று. தேர்தல் காலத்து அரிசிப் பொதியும், வட்டியை மறைத்து வீடு தேடி வரும் கடனும், கைம்மாறு கருதிச் செய்யும் உதவியும் இவ்வகையினவே. கொடுக்கும்போது நம் மனத்தில் இருப்பது அன்னமா, இரையா என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவுதல் வேண்டும். பெறுபவர் பசி தீர்ந்து சுதந்திரமாகச் செல்ல முடியுமானால் அது அன்னம். அவர் நமது பிடிக்குள் வர வேண்டும் என்று எண்ணினால் அது இரை.

இந்த வேறுபாட்டை உணர்ந்து, நம்மை நம்பி வரும் எவ்வுயிரையும் வஞ்சியாத நல்ல நெஞ்சினை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள வேண்டுமெனப் பிரார்த்திப்போமாக.