ஆன்மாவுக்கு இல்லாத பால்பேதம்

உயிருக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது என்பது வேதாந்த மரபுகள் பலவும் ஒப்புக்கொண்ட முடிவு. வைணவம் இன்னும் ஒருபடி மேலே சென்று, இறைவன் ஒருவனே நாயகன், மற்ற உயிர்களெல்லாம் அவனுக்கு நாயகியர் என்றது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடியது இந்த நிலையில்தான். அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறித் திருமலைக்கு வரும் ஆணும் பெண்ணும் கல்யாணக்கட்டையில் ஒன்றுபோல முடி இறக்கி, ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு லட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். லட்டுக்குப் பொருந்தும் இந்தச் சமத்துவம் மாத்திரைக்கும் பொருந்துமா என்ற கேள்வியை இன்றைய மருத்துவம் எழுப்பியிருக்கிறது. அதற்கு விடை தேடுகையில் மருந்தியலோடு தத்துவமும் வந்து சேர்கிறது.

காபியில் உள்ள கஃபீன், புகையிலையில் உள்ள நிகோடின், ஆம்ஃபெட்டமைன் போன்ற பொருள்களைத் தூண்டிகள் என்பர். இவை வெவ்வேறு வழிகளில், உடலை ஓட்டத்துக்கும் போராட்டத்துக்கும் ஆயத்தப்படுத்துகிற பரிவு நரம்பு மண்டலத்தின் வேகத்தைக் கூட்டி, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி இந்த முடுக்கத்தை ஓரளவு தணிக்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்தக் காப்பு குறைந்துபோகிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்ணின் உடலிலிருந்து கஃபீன் வெளியேற ஏறத்தாழ இருமடங்கு நேரமாகிறது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிடக் கூடுதலாகிறது என்பதால், கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் குடித்த ஒரே அளவு காபி மாலைக்குள் இரு வேறு அளவாகிவிடுகிறது. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சுமார் 24 லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, புகைப்பதால் இதயத் தமனி நோய்க்குக் கூடும் ஒப்பீட்டு அபாயம் ஆணைவிடப் பெண்ணிடம் 25 சதவீதம் அதிகம் என்று கண்டது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் திடீரெனப் பெருகுவதால் இதயத்தின் கீழறை உப்பிச் செயலிழக்கும் டாகோட்சுபோ என்ற நோய்க்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்களே.

தூண்டிகளுள் ஃபினைல்புரொப்பனோலமைனின் கதை தனித்துச் சொல்லத் தக்கது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் இம்மருந்து, ஜலதோஷ மாத்திரைகளிலும், மேலைநாடுகளில் பசியடக்கிகளிலும், பல பத்தாண்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்பட்டது. 2000இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இதைப் பசியடக்கியாக உட்கொண்ட பெண்களுக்கு மூளை ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 16 மடங்காக இருந்தது. ஜலதோஷத்துக்கு இதை உட்கொண்ட ஆண்களிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை, பசியடக்கியாக உட்கொண்ட ஆண்களோ அந்த ஆய்வில் ஒருவரும் இல்லை. இந்திய அரசு 2011 பிப்ரவரியில் இதற்குத் தடை விதித்தது. பெண்களுக்கான இந்த ஆபத்து வெளிப்பட இவ்வளவு தாமதமானதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பரிந்துரைத்து, 1993 வரை அதைக் கைவிடாமல் இருந்தது. கருவைக் காக்க எண்ணிச் செய்த ஏற்பாடு, ஆணின் உடலை மனித உடல் என்றே ஆக்கிவிட்டது.

உடல் வெறும் தோற்றம், அதன் பேதங்கள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல என்று கொள்வோருக்கு இது உறுத்தாமல் போகலாம். திருமலையில் நிலைபெற்ற இராமானுசரின் விசிஷ்டாத்வைதத்துக்கு அந்த வழி இல்லை. எந்தப் பொருளை ஓர் உயிர் தன் நோக்கத்துக்காக ஆளவும் தாங்கவும் வல்லதோ, எது அவ்வுயிருக்கு அடங்கியதாகவே இருக்கிறதோ, அதுவே அவ்வுயிரின் உடல் என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வரையறுக்கிறார். இதன்படி உடல் பொய்யன்று; உயிரின் இயல்பில் பேதம் இல்லாவிட்டாலும் உடல்களின் பேதம் மெய்யே. மலையே திருமேனி என்று கருதி, காலால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என அவரைப் பற்றி வழங்கும் மரபிலும் உடலை அலட்சியம் செய்யும் மனம் தெரியவில்லை.

ஆயினும் உடல் வேற்றுமையை மெய் என்று ஏற்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேதம் ஓதும் தகுதியைப் பெண்ணுக்கு மறுத்தவர்களும் இந்த வேற்றுமையைத்தான் காட்டினார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்து, இளமையிலே கணவனை இழந்து, கைம்பெண்ணுக்கு விதித்த கோலத்தை ஏற்க மறுத்துத் திருமலைக்குச் சென்று, யோகநெறி பற்றித் தெலுங்கில் நூல் செய்த வெங்கமாம்பா அந்த வாதத்துக்குத் தம் வாழ்வாலேயே மறுப்புச் சொன்னவர். மலைமேல் இன்று பல்லாயிரம் பேர் உண்ணும் அன்னப்பிரசாதக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இராமானுசரின் வரையறையை முழுவதும் பற்றிக்கொண்டால் இரண்டையும் பிரித்தறியலாம் எனத் தோன்றுகிறது: உடல் உயிரின் நோக்கத்துக்காக இருக்கிறதென்றால், மருந்தின் அளவைக் குறைத்து அந்த நோக்கத்தைக் காக்கும் வேற்றுமை ஏற்கத்தக்கது, அந்த நோக்கத்தையே தடுக்கும் வேற்றுமைக்கு இடமில்லை. இராமானுசரே வேதாத்தியயனத்தில் பழைய விலக்குகளை விட்டுவிடவில்லை என்பதால், இது அவர் சொன்ன முடிவு அன்று, அவர் சொல்லிலிருந்து பெறத்தக்க முடிவு மட்டுமே.

பெண் என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாரையும் அடக்குவதும் இந்த அளவுகோலுக்கு ஒவ்வாது. கருவுற்ற இளம்பெண், கருத்தடை மாத்திரை எடுப்பவள், மாதவிடாய் நின்றவள் ஆகிய மூவரின் இதயமும் ஒரே தூண்டிக்கு மூன்று விதமாக ஈடுகொடுக்கலாம். எடையும் சிறுநீரகத்தின் திறனும் பால்வேற்றுமையை மிஞ்சுவதும் உண்டு. இதய நோயுள்ளவர்கள் நடந்து மலையேற வேண்டாம் என்று தேவஸ்தானம் அறிவுறுத்துகிறது. ஆனால் மாரடைப்பு பெண்களிடம் நெஞ்சுவலியோடு, சில வேளை அது இல்லாமலும், மூச்சிரைப்பு, குமட்டல், தாடை வலி, அசதி என்று வருவது ஆண்களைவிட மிகுதி. மலைவழியில் முழங்கால் முறிச்சான் எனப்படும் செங்குத்தான படிகளில் இந்த அறிகுறிகளை விரதத்தின் களைப்பு என்றே எவரும் எண்ணுவர், மலையேறும் பெண்ணும் அப்படித்தான் எண்ணுவாள்.