நட்சத்திரம் இல்லாத தோழிக்கு ஓர் அர்ச்சனை

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், மணிமுத்தாற்றங்கரையில் அருள்பாலிக்கும் வில்வவனேஸ்வரர் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘‘பெயர், நட்சத்திரம்?’’ என்கிறார் குருக்கள். உங்கள் நெஞ்சில் இருப்பதோ, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த இஸ்லாமியத் தோழி. அவளுக்குப் புற்றுநோய். அவளுக்கு ஏது நட்சத்திரம்? வேற்று மதத்தவளுக்காக இங்கே வேண்டலாமா?

தாராளமாக வேண்டலாம், சகோதரி! ‘‘சுவாமி பெயருக்கே அர்ச்சனை’’ என்று சொல்லுங்கள். யாருக்காக என்பதை மனதுக்குள் சொன்னால் போதும். நட்பின் அருமை ஈசனுக்குத் தெரியாதா? சுந்தரருக்கு ‘தம்பிரான் தோழர்’ என்றே திருநாமம். இதே மணிமுத்தாற்றில், திருமுதுகுன்றத்தில் அவர் இட்ட 12,000 பொன்னைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுக்கச் செய்தவர் அல்லவா அந்தத் தோழர்!

தஞ்சையை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி மன்னரும் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் இளமையில் சுவார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர்கள். அந்த நட்பு பின்னாளில் அரசவையிலும் தொடர்ந்தது. இருவரும் தத்தம் நெறியை விடவில்லை. பாதிரியார் 1798-ல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, சரபோஜி வந்து கைபிடித்து நின்ற காட்சி, சிவகங்கைப் பூங்காவில் உள்ள தேவாலயத்தில் இன்றும் பளிங்குச் சிற்பமாக இருக்கிறது. அதைச் செய்வித்தவர் சரபோஜியேதான். அங்கிருந்து பெரிய கோயில் எத்தனை தூரம்? கூப்பிடு தூரம்தான்! அந்தப் பெரிய கோயிலுக்கும் திருப்பணி செய்து, காசி யாத்திரையும் போய்வந்த சிவபக்தர் அவர். நோயாளியின் கையைப் பிடித்ததால் அவர் பக்தி குறைந்துவிடவில்லையே!

அர்ச்சனை முடிந்ததும் தோழியின் வீட்டுக்குப் போங்கள். பிரசாதத்தை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் வருந்தாதீர்கள். அது அவள் நெறி. மருத்துவர் அனுமதித்ததை வீட்டில் சமைத்து எடுத்துச் செல்லுங்கள். ‘முன்வினை’ என்று மறந்தும் சொல்லிவிடாதீர்கள். வேண்டுதல் இருக்கிறதே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவும் விடாதீர்கள். மருந்து ஏறும் நாளில் துணைக்கு உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கதைகளைப் பேசுங்கள். அவள் தன் இறைவனைத் தொழும் நேரத்தில் நீங்கள் மௌனமாக உங்கள் ஈசனை நினையுங்கள்.

குணமாகுமா என்பது அவன் சித்தம். ஆனால், தோழி தனியாக இல்லை என்று அவளுக்குத் தெரியவேண்டும். அது உங்கள் கையில்தான் இருக்கிறது. வில்வம் ஒன்றைச் சாத்திவிட்டுப் புறப்படுங்கள்!