அலமாரிச் சாவி

சில மாதங்களுக்கு முன் ஈப்போவில் கட்டாய உழைப்பு பற்றிய ஓர் உரைக்குப் போயிருந்தேன். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கும் 11 அறிகுறிகளைப் பேச்சாளர் ஒவ்வொன்றாக விளக்கினார். கடனில் பிணைத்தல், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல், சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தல், பொய் சொல்லி அழைத்து வருதல் என்று போனது. செம்பனைத் தோட்டங்களிலும் கையுறைத் தொழிற்சாலைகளிலும் இருக்கும் வங்காளதேசிகளையும் நேப்பாளிகளையும் பற்றித்தான் பேச்சு. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். சுங்கை சிப்புட் பக்கம் நாற்பது வருஷம் பால் வெட்டியவராம்.

“இதெல்லாம் எங்களுக்கும்தானே நடந்துச்சு தம்பி? அப்ப யாரு வந்து பேசுனாங்க?”

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி முதலில் டாப் கிளவ் கையுறைகளையும், ஆண்டு முடிவில் சைம் டார்பியின் செம்பனை எண்ணெயையும் தடுத்தது. அதன் பிறகு இந்தத் தொழிலாளர்கள் ஏஜெண்டுக்கு அழுத பணம் திரும்பி வந்தது. வியாபாரம் கெட்டுவிடுமே என்ற பயத்தில் செய்ததுதான். பணம் கையில் கிடைத்தவனுக்கு அதைப் பற்றி என்ன? நம் பாட்டிமார் வெட்டிய பாலும் அமெரிக்கக் கார்களுக்கு டயராகப் போனது. எந்தத் துறைமுகமும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தை விட்டு இறக்கப்பட்டவர்களுக்காகச் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அதற்கும் முதல், தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்ததுதான்.

ஆக, நமக்கு வரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி இன்னொருவனுக்குச் சேரவேண்டியதை மறுக்கலாமா? அந்த அம்மா மறுக்கவில்லை. வெளியே தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னார்: “பாவம்யா அந்தப் புள்ளைங்க. எங்க பழைய லயத்துலதான் இருக்கானுங்க. குழா ஒடஞ்சி எத்தன நாளாச்சு.” மறுத்தது கைதட்டிய நாங்கள். பட்ட கஷ்டத்தை எங்கள் பெயரில் பட்டா போட்டுக்கொண்டு, வேறு யாரும் அதில் கால் வைக்கக்கூடாது என்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நம் மேடைகளில் அதிகம் பேசமாட்டார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன் பிறகும் நீடித்தது; 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை. அந்தக் கங்காணி யார்? துரை அல்ல. சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரனிடமே ‘பாலாறும் தேனாறும் ஓடுது’ என்று சொல்லி, முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்த நம்ம ஆள். பெரட்டில் நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு நாளுக்கு இவ்வளவு என்று காசு. இன்று வங்காளதேசக் கிராமத்தில் பணம் வாங்குகிற தரகனும் பெரும்பாலும் அதே ஊர்க்காரன்தான். அடிபட்டவர்களின் வாரிசு என்று மட்டும் நம்மைச் சொல்லிக்கொள்வது பாதிக் கணக்கு. கடன் எழுதிய கையும் நம் குடும்பத்துக் கைதான்.

அன்று இரவு சித்தப்பா மகன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஆறு பையன்கள் வேலை செய்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் இரும்பு அலமாரி. அதற்குள் ஆறு பாஸ்போர்ட்டும் இருப்பது எனக்கு முன்பே தெரியும். “தொலைச்சிருவானுங்கண்ணே, பத்திரமா இருக்கட்டும்னுதான்” என்பான். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று அன்று மாலைதான் கேட்டிருந்தேன். அவன் கெட்டவன் அல்ல. பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தானே கிளினிக்குக் கூட்டிப்போவான்.

“உரை எப்படிண்ணே?” என்றான். நல்லாயிருந்தது என்றேன். பையன் தே தாரிக் கொண்டுவந்து வைத்தான். சாவி தம்பியின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.